சுவர்க்க ஊற்றும் துன்பக் கேணியும்

மனிதகுலம் பிற கோள்களிற் சென்று குடியேறுதல் வேண்டுமா, அன்றித் தான் தோன்றிய புவியையே பேணி அதன்கண் நிலைத்து வாழ்தல் வேண்டுமா என்னும் வினா, அறிஞர் மன்றங்களில் மட்டுமன்றி மாணவர் சொற்போர் அரங்குகளிலும் இக்காலத்து அடிக்கடி எழுப்பப்படுவதாகும். ஒரே கோளில் வாழும் இனம் ஒரு பேரிடரால் முற்றாக அழிந்துபோகக் கூடும். ஆதலின் செவ்வாயிலேனும் பிறிதோரிடத்திலேனும் மற்றுமொரு குடியிருப்பை அமைத்தல் இன்றியமையாதது என்பர் ஒரு சாரார். உள்ள வீட்டைச் சிதைத்துவிட்டு இல்லாத வீட்டைத் தேடியலைதல் பேதைமை என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் மனிதகுலம் என்னும் சொல்லை ஒரே ஆளைச் சுட்டுவது போல வழங்குகின்றனர். குடியேறுவோர் யார், குடியேற்றுவோர் யார், நிலத்தைப் பேண வேண்டியவர் யார், அந்நிலத்தின் உரிமையாளர் யார் என்னும் வினாக்கள் அவ்வழக்கிற் புலப்படாது மறைந்துவிடுகின்றன. ஒரு பெருங் குடியேற்றத்தின் விளைவாகத் தோன்றிய ஊவா மலைத்தோட்டங்களில், பூனாகலை போன்றதோர் இடத்தில் நின்று நோக்கினால், அவ்வினாக்களே முதன்மை பெறுவதைக் காணலாம்.

இப்பொருளை இலக்கியத்தின் வாயிலாக ஆராய்வதற்கு இரு படைப்புகள் வாய்ப்பாக அமைந்துள்ளன. ஒன்று, ஆர்தர் சி. கிளார்க் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்’ என்னும் ஆங்கில நாவல். அதன் பெயரைச் சுவர்க்கத்தின் நீரூற்றுகள் எனத் தமிழாக்கலாம். மற்றையது, புதுமைப்பித்தன் 1935ஆம் ஆண்டு மணிக்கொடியில் எழுதிய ‘துன்பக் கேணி’ என்னும் நெடுங்கதை. முன்னையது விண்ணை நோக்கி எழுவது; பின்னையது மண்ணுள் ஆழ்வது. இரண்டும் இலங்கையின் மலைகளையே களமாகக் கொண்டவை. காலத்தாலும் மொழியாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இவற்றை ஒருங்கு வைத்து நோக்குதல் பொருந்துமோ என ஐயுறுவோர், இரு நூல்களும் ஒரே வினாவுக்கு இரு திசைகளிலிருந்து விடை கூறுவதை உணர்வாராயின் ஐயம் நீங்குவர். புதிய நிலம் ஒன்று மனிதனுக்கு என்ன தரும் என்பதே அவ்வினா.

இவ்விரு படைப்புகளையும் அளத்தற்குத் தமிழ்ப் பொருளிலக்கணத்திலேயே தக்க அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து, நிலத்தையும் காலத்தையும் முதற்பொருளாக வைத்தார். தெய்வமும் உணவும் மரமும் விலங்கும் புள்ளும் தொழிலும் அவற்றின்கண் கருக்கொள்வன. மாந்தர் உள்ளத்து நிகழும் ஒழுக்கம் அவற்றோடு இயைந்தே பொருள்படும். நிலம் மனிதனுடைய செயலுக்கு வெறும் மேடையன்று. அவன் இன்னான் எனக் காட்டுவதே நிலம் என்பது இவ்வமைப்பின் உட்கிடை. இன்னுமொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. தொல்காப்பியர் ஏனைத் திணைகளுக்கு நிலம் வகுத்துப் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. மழை மறுத்து வெயிலின் கொடுமை மிகும்போது முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலை என்பது நிலத்தின் பிறவிக் குணமன்று, அதற்கு நேர்ந்த கேடு என்பது இதனாற் பெறப்படும். பாலைக்குரிய ஒழுக்கமோ பிரிவு. பொருள் தேடிப் பிரிந்து செல்வோனின் வழி பாலை வழியே செல்லுகின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு முதலிற் கிளார்க்கின் நாவலை நோக்குவோம். 1956ஆம் ஆண்டு தொடக்கம் 2008ஆம் ஆண்டு இறக்கும் வரை இலங்கையைத் தம் உறைவிடமாகக் கொண்டிருந்தவர் கிளார்க். 1945ஆம் ஆண்டிலேயே, புவியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக் கோள்களால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என எழுதிய தொலைநோக்காளர். அவருடைய நாவலில், வன்னெவார் மோர்கன் என்னும் பொறியியலாளன் நிலத்திலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரம்வரை செல்லும் விண்கோபுரம் ஒன்றைக் கட்ட விழைகின்றான். ரொக்கெட்டின் துணையின்றி மக்களும் பொருள்களும் விண்ணுக்கு ஏறிச் செல்ல அது வழியாகும். அதனைக் கட்டுதற்கு நிலநடுக்கோட்டில் உயர்ந்ததொரு மலை வேண்டும். ஆசிரியர் தாப்ரொபேன் என்னும் பழம்பெயரால் இலங்கையை வழங்கி, அதனை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, சிவனொளிபாத மலையைச் சிறீகந்த எனப் பெயரிட்டு உயர்த்திவிடுகின்றார். கற்பனைக் கதைக்கு இவ்வுரிமை உண்டு. அதனைக் குறைகூறுதல் முறையன்று.

நாவலின் உயிர்நிலை அம்மலையின் உச்சியில் உள்ளது. அங்கே ஒரு பௌத்த மடம் நிற்கின்றது. துறவிகள் மலையை விட்டுக்கொடுக்க மறுக்கின்றனர். உலக நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளிக்கின்றது. விண்ணை வெல்லப் புறப்பட்ட பேரறிவு, மண்ணில் ஒரு சிறு இடத்தின் உரிமை முன் தயங்கி நிற்கும் இக்கட்டம் நூலின் மிகச் சிறந்த பகுதி எனலாம். மோர்கனைக் கொடியவனாகவோ துறவிகளை மூடர்களாகவோ ஆசிரியர் காட்டவில்லை. இரு தரப்புக்கும் உரிய பெருமையை அளித்து, அறத்துக்கும் அறத்துக்குமிடையே மோதலை நிறுத்துகின்றார். இத்தகைய நடுநிலை அறிவியற் புனைகதைகளில் அரிது.

ஆயின் அம்மோதல் தீர்க்கப்படும் முறையே நூலின் குறை. வண்ணத்துப்பூச்சிகள் மலையுச்சியை அடையும் நாளில் துறவிகள் மலையை விட்டு நீங்குவர் என்பது கதையில் வரும் பழைய நம்பிக்கை. முன்னர் அறிவியலாளராயிருந்து துறவு பூண்ட ஒருவரின் செயலால் வானிலை திரிந்து பெருங்காற்று எழ, அக்காற்று பூச்சிகளை உச்சிக்கு ஏற்றிவிடுகின்றது. நம்பிக்கை பலித்ததென மடம் வெறுமையாகின்றது. வாதத்தால் வெல்லவியலாத உரிமை, நிமித்தத்தால் விலக்கப்படுகின்றது. நிலத்துக்கு உரியார் தாமே எழுந்து போய்விட்டமையால், எடுத்தவர் மீது பழி சாராது போகின்றது. கதைமுடிவிற் கதிரவன் வெம்மை குன்றி, புவியைப் பனி சூழ, மனிதகுலம் அதனைப் பெரும்பாலும் விட்டகன்றுவிட்ட எதிர்காலம் ஒன்று காட்டப்படுகின்றது. அக்காட்சியின் அழகு மறுக்கவொண்ணாதது. எனினும், மலையைச் சூழ்ந்து வாழும் உழைப்பாளர் எவரும் இந்நாவலின் நிகழ்ச்சிகளை நடத்தும் மாந்தராக வரவில்லை. பொறியியலாளன், அரசதந்திரி, துறவி, பண்டைய மன்னன் ஆகியோரைச் சுற்றியே கதை இயங்குகின்றது. உண்மையான சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலோ மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன.

கதையில் வண்ணத்துப்பூச்சி செய்ததை இலங்கைச் சரித்திரத்தில் ஆயுதமும் சட்டமும் செய்தன. ஊவா வெறுமையாகக் கிடந்த நிலமன்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் அங்கெழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது வயல்களும் வீடுகளும் அழிக்கப்பட்டன. மக்கள் மடிந்தும் சிதறியும் போயினர். பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலங்கள் முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என்றது. காட்டைக் காலந்தோறும் பயன்படுத்திவந்த சிங்கள உழவரிடம் அவ்வுரிமையைக் காட்டும் ஓலையோ உறுதியோ பெரும்பாலும் இல்லை. வெறுமையாக்கப்பட்ட நிலம், வெறுமையான நிலம் என எழுதப்பட்டது. குடியேற்றம் எதுவும் முதலிற் சொல்லும் சொல் ‘இங்கு எவரும் இல்லை’ என்பதே.

அங்ஙனம் பெறப்பட்ட மலைகளிற் காடு வெட்டிக் கோப்பி நடப்பட்டது. ஒரே பயிரால் மலைகள் மூடப்பட்டமை பயிர்நோய்க்கு இடமளித்தது. 1869ஆம் ஆண்டில் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதற் காணப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் அப்பெருந்தொழிலை வீழ்த்தியது. அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. 1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் தம்பேத்தனை முதலிய தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகக் கூறப்படும் ‘லிப்டன் சீட்’ என்னும் இடம் பூனாகலை மலையில் இன்றும் பயணிகளை ஈர்க்கின்றது. அங்கே நின்று நோக்குவோர்க்கு மலைச்சரிவுகள் பச்சைக் கம்பளமெனத் தோன்றும். அப்பசுமைக்குள் கான் வெட்டியோரும் கவ்வாத்துச் செய்தோரும் கொழுந்து கொய்தோரும் அவ்வுயரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. கிளார்க்கின் கோபுரத்திலிருந்து நோக்கினும் இதுவே நேரும். நெடுந்தொலைவிலிருந்து காண்போர்க்கு நிலம் ஓவியமாகின்றது. அதன்கண் உழைப்போர் மறைகின்றனர்.

அம்மறைவிலிருந்து ஒருத்தியை வெளிக்கொணர்ந்து காட்டியது ‘துன்பக் கேணி’. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியைச் சேர்ந்த மருதி, சாதிக் கொடுமையும் வறுமையும் தன் குடும்பத்தைச் சிதைக்க, ஆள் சேர்ப்போர் வலையில் அகப்பட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை அடைகின்றாள். அங்கே அவளுடைய உழைப்பும் உடலும் சுரண்டப்படுகின்றன. இலங்கையை நேரிற் காணாமலே புதுமைப்பித்தன் இதனை எழுதினார். ஊரில் நிலவுடைமையாளன் செய்த கொடுமைக்கும் தோட்டத்தில் நிருவாகம் செய்த கொடுமைக்கும் இடையே உள்ள தொடர்பைத் தெளிவாகக் கண்டமை அவரது பெருஞ்சிறப்பு. கடல் கடந்தால் வாழ்வு மாறும் என்னும் நம்பிக்கையை இக்கதை வேரோடு பறிக்கின்றது. இடம் மாறியது, உறவு மாறவில்லை. பழைய உறவுகளைச் சுமந்துசெல்லும் கப்பல் எந்தக் கரையை அடைந்தாலும் பழைய கரையையே அடைகின்றது.

எனினும் ‘துன்பக் கேணி’யும் குறையற்றதன்று. அதன் மலைக்கு முதற்பொருள் இல்லை. மழையும் மூடுபனியும் மண்ணும் மரமும் மருதியின் வாழ்வோடு பின்னிப் பிணையவில்லை. தோட்டம் துன்பத்தின் இருப்பிடம் என்பதற்கு மேல் ஒரு நிலமாக உருப்பெறவில்லை. தொழிலாளி துன்புறுபவளாக மட்டுமே காணப்படுகின்றாள். நிலத்தை ஆக்கியவளாகக் காணப்படவில்லை. குறிஞ்சி நிலத்தில் வாழ்ந்தும் பாலை ஒழுக்கத்தையே நுகர்ந்த மக்களின் வாழ்வில், பிரிவுத் துயரோடு ஒரு புதிய பற்றும் காலப்போக்கில் வளர்ந்தது. அப்பற்றைப் பாட அம்மண்ணிலேயே பிறந்த ஒருவர் வேண்டியிருந்தது.

சி. வி. வேலுப்பிள்ளை அத்தகையவர். மலையகத் தோட்டமொன்றிற் பிறந்து, 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்று, மறு ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றோராக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் இயற்றிய கவிதை, செடிகளின் அடியிற் புதைந்து நினைவுச் சின்னம் எதுவுமின்றிக் கிடக்கும் முன்னோரை நினைந்து இரங்குகின்றது. இதனோடு மலையக வாய்மொழி வழக்கு ஒன்றையும் சேர்த்து எண்ணுதல் தகும். தேயிலைச் செடியின் வேரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் எனக் கங்காணிமார் ஊர்களிற் சொல்லி ஆள் சேர்த்தனர் என்பது அவ்வழக்கு. தேங்காயும் மாசியும் தேடிச் சென்றவர்கள் தாமே செடியின் வேருக்கு உரமாயினர் என்பது கவிதை. வழக்கும் கவிதையும் சேர்ந்து ஒரு முழு உண்மையைக் கூறுகின்றன. ஏமாற்றத்தால் வந்த நிலம், இறந்தோரைத் தன்னகத்து ஏற்றமையாற் சொந்த நிலமாயிற்று. உரிமை உறுதியில் எழுதப்படாவிடினும் மண்ணில் எழுதப்பட்டுவிட்டது.

இனிச் செவ்வாயை நோக்குவோம். அதன் வளிமண்டலத்தின் அழுத்தம் புவியினதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளியும் பெரும்பாலும் கரியமிலவாயு. சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ். அண்டவெளிக் கதிர்களைத் தடுக்கும் காந்தப்புலம் கோள் முழுதும் சூழ இல்லை. 2008ஆம் ஆண்டில் அங்கிறங்கிய பீனிக்ஸ் கலம் மண்ணில் நச்சுத் தன்மையுடைய பெர்குளோரேற்று உப்புகளைக் கண்டறிந்தது. ஆண்டு 687 புவி நாள்களைக் கொண்டது. நிலமும் வேறு, பொழுதும் வேறு. ஆகவே முதற்பொருள் முற்றிலும் வேறு. மரமும் புள்ளும் விலங்குமாகிய கருப்பொருள் எதுவும் அங்கில்லை. பாலை என்பது கெட்டுப்போன நிலம் என்பது தமிழ் மரபு; செவ்வாயோ மனிதனைப் பொறுத்தவரை என்றுமே பாலை. அங்கே வாழ்வோன் மூச்சுக்காற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருத்தல் வேண்டும்.

இந்நிலையில் அங்கே குடியேறுவோரின் உரிமை யாது? ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தை நிறுவிய ஈலோன் மஸ்க், செவ்வாய்க்குச் செல்லக் கையிற் பணமில்லாதோர்க்குக் கடன் கிடைக்குமாறு இருத்தல் வேண்டுமென்றும், அங்கே வேலைகள் மிகுதியாக இருக்குமென்றும் 2020ஆம் ஆண்டு சனவரியில் எழுதினார். மலையக வரலாறு அறிந்தோர்க்கு இச்செய்தி புதியதன்று. வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறிற்று. அக்கடன் தொகை எழுதிய ‘துண்டு’ இன்றி அவன் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்லவியலாதிருந்தது. 1921ஆம் ஆண்டு வரை அம்முறை சட்டப்படி நிலைத்தது. தோட்டத்தை விட்டோடியவனுக்கேனும் காட்டில் மூச்சுவிடக் காற்றிருந்தது. கடன்பட்டுச் செவ்வாய் சென்றவன் வேலையை வெறுத்து எங்கே ஓடுவான்? 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, எந்த நாடும் விண்பொருள்களைத் தன் உடைமையாக்கலாகாது என விலக்கியது. 2015ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமோ, அங்கிருந்து தோண்டியெடுக்கும் வளங்களைத் தன் குடிமக்கள் உடைமையாகக் கொள்ளலாம் என்றது. நிலம் எவர்க்கும் உரியதன்று, விளைவு மட்டும் எடுத்தவர்க்குரியது என்னும் ஏற்பாடு எத்தகைய சமுதாயத்தை உண்டாக்கும் என்பதற்கு ஊவாவின் தோட்டங்களே முன்மாதிரி. 1975ஆம் ஆண்டில் அரசுடைமையான கம்பனித் தோட்டங்களின் முகாமை 1992ஆம் ஆண்டில் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களிலும் லயத்தில் வாழ்ந்தோரின் காலடி நிலம் அவர்களுடையதாகவில்லை.

2014ஆம் ஆண்டு இவ்விரு வழிகளையும் அருகருகே நிறுத்திக் காட்டியது. அவ்வாண்டு செப்தெம்பர் 24ஆந் திகதி இந்தியாவின் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அத்திட்டத்தின் பணிப்பாளராக விளங்கிய சு. அருணன் திருநெல்வேலி மாவட்டத்தவர். மருதியின் வாசவன்பட்டியும் அம்மண்ணைச் சேர்ந்ததே. முப்பத்தைந்து நாள் கழிந்து, ஒக்தோபர் 29ஆந் திகதி காலையில், பூனாகலைக்கு அண்மையிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மூழ்கின. பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. தேயிலைக்கடியில் முன்னோர் கிடக்கின்றனர் என்னும் கவிஞரின் கூற்று, உருவகம் என்னும் நிலை நீங்கி நேர்ப்பொருளாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துச் சொல்வோர், ரொக்கெட்டுக்குச் செலவிட்ட பணத்தை ஏழைகளுக்கு வீடு கட்டச் செலவிட்டிருக்கலாம் என எளிதாக முடித்துவிடுவர். அம்முடிபு பொருந்தாது. மங்கள்யானை அனுப்பிய நாடு வேறு; மலை சரிந்த நாடு வேறு. மேலும் அறிவியல் இங்கே குற்றவாளியன்று. மழைநீர் மண்ணுள் இறங்கி, மண்துகள்களின் பிடிப்பைத் தளர்த்தும்போது சரிவு உண்டாகின்றது. ஆழ வேரூன்றிய மரங்கள் நீங்கியதும் கான்கள் தூர்ந்ததும் அதனை விரைவுபடுத்துகின்றன. மீரியபெத்தையின் ஆபத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எடுத்துரைத்து, மக்களை அகற்றுமாறு கூறியிருந்தது. விண்ணிலிருந்து மழையை நோக்கும் கோள்களும் அத்தகைய எச்சரிக்கைக்கே துணைசெய்கின்றன. அறிவு இருந்தது. அறிந்தபின் எழுந்துபோக ஒரு துண்டு நிலம் அம்மக்களுக்கு இல்லை. மனிதன் கோடிக்கணக்கான கிலோமீற்றர் கடந்து செவ்வாயை அடைந்த காலத்தில், மலைச்சரிவிலிருந்து சில மைல் தூரம் கடப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் போதவில்லை.

பின்னர் அச்சில மைல் தூரமும் கடக்கப்பட்டது. உயிர்தப்பியோர் ஈராண்டளவு முகாம் வாழ்வு வாழ்ந்தபின், 2016ஆம் ஆண்டு ஒக்தோபரிற் பூனாகலை மாகல்தெனியத் தோட்டத்தில் 75 வீடுகளைப் பெற்றனர். லயத்தின் ஒற்றை அறையிலிருந்து தனி வீட்டுக்குச் சென்ற இம்மாற்றம் சிறியதன்று. கோள் குடியேற்றத்தைப் பற்றிப் பேசுவோர் ஆராய வேண்டிய உண்மையான குடியேற்றம் இதுவே. ஆயின் கதை அங்கும் முடியவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் அதே பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் அழிந்தன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி, பதுளை, கண்டி, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்களைச் சிதைத்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு மக்களை மாற்றுதல் உடனடித் தேவையாகலாம். மலை முழுதும் நலிவுறும்போது இடமாற்றம் ஒன்றே மருந்தாகாது.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தையும் மறைத்தல் கூடாது. புவியைப் பேணுதலே அறம் என்பார், அவ்வறத்தை யார் மீது சுமத்துகின்றனர் என்பதை எண்ணுதல் வேண்டும். விறகுக்கு மரம் வெட்டுபவளையும் சரிவில் மரக்கறி பயிரிடுபவனையும் இயற்கையின் பகைவராகக் காட்டுதல் எளிது. தன்னுடையதல்லாத நிலத்தை, நாளைக்கு விட்டகல நேரலாம் என்னும் நிலையிலுள்ளவன் எங்ஙனம் நூறாண்டு நோக்கிப் பேணுவான்? 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, மக்கள் பொருள்களைப் போல எண்ணப்பட்டனர். எண்ணப்பட்டோரிடம் மண்ணின் மீதான பொறுப்பை எதிர்பார்த்தல் முறையன்று. அன்றியும், கிளார்க் காட்டுவது போலக் கதிரவன் என்றும் ஒரே தன்மையதாக இராது என்பதும், விண்கற்கள் மோதுதல் இயலக்கூடியதே என்பதும் உண்மை. மிக நீண்ட காலத்தை எண்ணி விண்வழியைத் திறந்துவைக்க வேண்டும் என்பதில் தவறில்லை. புவியில் உறவுகளைச் சீர்செய்யாது அவ்வழியே செல்வோர், கண்காணாத கோளிலும் லயங்களையே கட்டுவர் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது.

இவற்றால் இரு படைப்புகளின் தகுதியும் புலனாகும். கிளார்க்கின் நாவல் மனித அறிவின் எல்லையை விரிக்கின்றது. புதுமைப்பித்தனின் கதை அவ்வறிவு காணத் தவறிய மனிதரைக் காட்டுகின்றது. கலையமைதியில் முன்னையதன் கட்டுக்கோப்பு மேலானது எனலாம். ஆயின் புதிய நிலம் மனிதனுக்கு என்ன தரும் என்னும் வினாவுக்குப் பின்னையது கூறும் விடையே உண்மைக்கு அணுக்கமானது. மனிதன் தன்னோடு கொண்டுசென்றதையே புதிய நிலம் அவனுக்குத் திருப்பித் தரும். ஒரு நாட்டின் நன்மை அங்கு வாழ்வோரின் நன்மையையே பொறுத்தது எனப் புறநானூற்றில் ஔவையார் தெளிந்த கருத்தும் இதுவே. அவர் நாடும் காடும் மேடும் பள்ளமும் பற்றிச் சொன்னது கோள்களுக்கும் பொருந்தும்.

சுவர்க்கத்தின் நீரூற்று விண்ணில் இருக்குமாயின் இருக்கட்டும். மலைச்சரிவில் ஒரு கானைத் தூர் எடுப்பதும், வெட்டிய இடத்தில் வேரூன்றும் மரத்தை நடுவதும், எச்சரிக்கை வந்த நாளிலேயே மக்களைக் காப்பான இடத்தில் அமர்த்துவதும், அவ்விடத்துக்கு உறுதி எழுதிக் கையில் அளிப்பதும் துன்பக் கேணியைத் தூர்க்கும் பணிகள். இவற்றைச் செய்யக் கற்ற சமுதாயம் பிற கோள்களுக்குச் செல்லுந் தகுதியையும் பெறும். ஒருவேளை, செல்ல வேண்டிய அவசரத்தினின்றும் நீங்கும்.